ரேம் போட்டதும் ஸ்கிரீன் இருட்டா? மதர்போர்டை மாற்றும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் முதல் யோசனை, "ஒரு ரேம் வாங்கிப் போடுங்க" என்பதுதான். யோசனையில் தவறில்லை. வேலையும் பெரிதல்ல. கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும், ஸ்லாட்டின் இருபுறக் கிளிப்புகளைத் திறக்க வேண்டும், ரேமை வைத்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்க விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் எதுவும் வரவில்லை. அல்லது பீப், பீப் என்று ஒரே கத்தல். அல்லது எல்லாம் நன்றாக வருகிறது, ஆனால் 4 ஜிபி போட்டதற்கு 3.25 ஜிபி என்று காட்டுகிறது. அல்லது இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மூன்றாம் நாள் நீலத் திரை.

இவை நான்கும் நான்கு வேறு நோய்கள். மருந்தும் வேறு வேறு. ஆனால் பல கடைகளில் நான்குக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "போர்டு போச்சு சார்."

திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இன்றும் ஜி31, ஜி41, எச்61 சிப்செட் போர்டுகள் உள்ள டெஸ்க்டாப்கள் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷூ அப்பர் தைக்கும் யூனிட், ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், பிள்ளைகள் படிக்கும் வீடு என்று எங்கும் பார்க்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ இந்த இயந்திரங்கள் ஏற்காது. புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றால், 2025 கடைசியில் மெமரி சிப்களின் விலை உலகம் முழுவதும் எகிறியது. ஏ.ஐ. சர்வர்களுக்கே சிப்களை எல்லாம் கொட்டிக்கொடுத்ததன் விளைவு. ஆகவே இருக்கும் டெஸ்க்டாப்பை இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால் என்ன என்று நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அந்த இரண்டு வருடத்தை ஒரு தப்பான ரேம் பறித்துவிடக் கூடாது.

ஆம்பூரில் நடந்தது

ஆம்பூரில் ஒரு சிறிய ஜாப் ஒர்க் யூனிட். பெரிய கம்பெனிக்கு ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கிறார்கள். தையல்காரர்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா. யார் எத்தனை ஜோடி தைத்தார்கள் என்ற கணக்கு முழுவதும் ஒரே ஒரு டெஸ்க்டாப்பில். கோர் 2 டுவோ பிராசசர், ஜி41 போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ரேம். ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் 4 ஜிபி ரேம் ஒன்று வரவழைத்துப் போட்டிருக்கிறார் உரிமையாளர். வியாழக்கிழமை போட்டார். ஸ்கிரீன் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே போர்டு போய்விட்டது என்றும், போர்டும் பிராசசரும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றும், விண்டோஸையும் புதிதாகப் போட்டால்தான் சரிவரும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"கணக்கு அழிஞ்சிடுமா தம்பி?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பேக்கப் கிடையாது. மறுநாள் சனிக்கிழமை.

"பாய், பழைய ரேமை எங்க வச்சிருக்கீங்க?"

மேஜை டிராயரில் இருந்தது. புதியதை எடுத்துவிட்டு, பழைய 2 ஜிபியை மட்டும் அதே ஸ்லாட்டில் போட்டு சுவிட்சைத் தட்டியதும் விண்டோஸ் வந்துவிட்டது. போர்டுக்கு எதுவும் ஆகவில்லை. புது ரேமும் பழுதில்லை. அதை எச்61 போர்டில் போட்டுப் பார்த்தபோது முழு 4 ஜிபியும் காட்டியது. இரண்டும் நல்லவைதான், ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, அவ்வளவே.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, புது ரேம் போட்டு ஸ்கிரீன் வராவிட்டால் செய்ய வேண்டிய முதல் சோதனை, புதியதை எடுத்துவிட்டுப் பழையதை மட்டும் போட்டுப் பார்ப்பது. இது ஓடினால் போர்டு நன்றாக இருக்கிறது. இரண்டு, ரேம் பிரச்சினைக்காக ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டு, மீதியைக் கடையில் கொடுங்கள்.

எட்டு சிப்பா, பதினாறு சிப்பா?

அந்த ரேம் ஏன் ஓடவில்லை? ரேமைக் கையில் எடுத்து சிப்களை எண்ணிப் பாருங்கள். கறுப்புச் சதுரங்கள் ஒரு பக்கம் மட்டும் எட்டு இருக்கும். அல்லது இரு பக்கமும் எட்டு எட்டாகப் பதினாறு இருக்கும்.

4 ஜிகாபைட் என்பது 32 ஜிகாபிட். இதைப் பதினாறு சிப்களில் பிரித்தால் ஒரு சிப்புக்கு 2 ஜிகாபிட். எட்டில் அடக்கினால் ஒரு சிப்புக்கு 4 ஜிகாபிட். டிடிஆர்3 வந்த புதிதில் பதினாறு சிப் ரேம்கள்தான் கிடைத்தன. பிறகு சிப்பின் கொள்ளளவு பெருகியதும் எட்டு சிப் போதும் என்றாகிவிட்டது. தயாரிப்புச் செலவும் குறைவு. ஆனால் ஜி41 சிப்செட்டுக்கு 2 ஜிகாபிட் சிப் வரைதான் தெரியும். 2 ஜிகாபிட் சிப்பின் உள்ளே இருக்கும் வரிசைகளைக் குறிப்பிட 15 முகவரிக் கம்பிகள் போதும். 4 ஜிகாபிட் சிப்புக்கு 16 வேண்டும். பதினாறாவது கம்பியைப் பயன்படுத்த ஜி41க்குத் தெரியாது. இரண்டு இலக்க எண் மட்டுமே எழுதத் தெரிந்த தபால்காரரிடம் 150ஆம் நம்பர் வீட்டுக்குக் கடிதம் கொடுத்த கதைதான்.

எனவே ஜி41 போர்டுக்கு 4 ஜிபி வாங்கினால் பதினாறு சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். முதல் தலைமுறை கோர் ஐ3, ஐ5 பிராசசர்களுக்கான எச்55 போர்டுகளுக்கும் இதே விதிதான். எச்61லிருந்து இந்தத் தொல்லை இல்லை, 4 ஜிபி எட்டு சிப்பாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளும்.

சிப்களை எண்ண முடியாதபடி சில ரேம்களில் அலுமினியக் கவசம் போட்டிருப்பார்கள். லேபிளைப் பாருங்கள். '2ஆர்எக்ஸ்8' என்று அச்சிட்டிருந்தால் பதினாறு சிப். '1ஆர்எக்ஸ்8' என்றால் எட்டு. ஆன்லைனில் வாங்கும்போது விற்பவரின் படத்தைப் பெரிதாக்கி இதைத்தான் தேட வேண்டும். படம் ஒன்று, வருவது ஒன்று என்பதும் நடக்கிறது. ரிட்டர்ன் வசதி இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

இதே நோய் பென்டியம் காலத்திலேயே இருந்தது. 440பிஎக்ஸ் போர்டில் எட்டு சிப் உள்ள 256 எம்பி எஸ்டி ரேமைப் போட்டால் 128 எம்பி என்று பாதிதான் காட்டும். அன்று பாதியாவது கிடைத்தது. ஜி41 பெரும்பாலும் பீப் அடிக்கும், அல்லது பேசாமல் கிடக்கும்.

மலிவு ரேம்களில் ஒளிந்திருக்கும் வேறு வில்லங்கங்கள்

'ஏஎம்டி போர்டுக்கு மட்டும்' என்ற குறிப்போடு 4 ஜிபி டிடிஆர்2, டிடிஆர்3 ரேம்கள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. ஏமாற்று வேலை என்று ஒதுக்க வேண்டாம், அது உண்மையான எச்சரிக்கை. அவற்றில் உள்ள சிப்களின் உள் அமைப்பை ஏஎம்டி பிராசசரின் மெமரி கன்ட்ரோலர் புரிந்துகொள்ளும், இன்டெல் சிப்செட் புரிந்துகொள்ளாது. உங்களுடையது இன்டெல் என்றால் ஒதுங்கிவிடுங்கள்.

இன்னொன்று, சர்வரிலிருந்து கழற்றிய ரேம். டிடிஆர்3 சர்வர் ரேம் நம் டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அச்சாகப் பொருந்தும். பள்ளம் கூட அதே இடத்தில்தான் இருக்கும். ஆனால் சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. அடையாளம் சுலபம். சிப்கள் எட்டு, பதினாறு என்று இல்லாமல் ஒன்பது, பதினெட்டு என்று இருக்கும். நடுவில் வேறு உருவத்தில் ஒரு சிப் உட்கார்ந்திருக்கும். லேபிளில் 'பிசி3-10600' என்பதற்குப் பின்னால் 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். நமக்கு வேண்டியது 'யு' என்று முடிவது.

டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3 ஆகியவற்றின் பள்ளங்கள் வேறு வேறு இடங்களில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று இறங்காது. 'கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்' என்று அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். டிடிஆர்2க்கு 1.8 வோல்ட், டிடிஆர்3க்கு 1.5 வோல்ட். கட்டாயப்படுத்தி இறக்கினால் புகைதான் வரும். லேபிளில் டிடிஆர்3 பக்கத்தில் 'எல்' என்று இருந்தால் அது 1.35 வோல்ட் ரகம். 1.5 வோல்ட்டிலும் ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள், ஆகவே பயம் வேண்டாம்.

ரேம் வாங்க ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் பெங்களூர் எஸ்.பி. ரோடு, மறுபக்கம் சென்னை ரிச்சி தெரு. எது வசதியோ போய்வாருங்கள். போகும்போது பழைய ரேமையும் போர்டின் மாடல் நம்பரையும் எடுத்துச் செல்லுங்கள். ஆன்லைனில் ஆர்டர் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நமது திருப்பத்தூர் 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகும், சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரோடு குழப்பிக்கொள்ளும் கூரியர்காரர்கள் உண்டு. பின்கோடு 635ல் தொடங்குகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள், உங்கள் ரேம் செட்டிநாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரவேண்டாம்.

சுவிட்சை அணைத்தால் போதாது

மூடியைக் கழற்றும் முன் பவர் கேபிளைப் பின்பக்கத்திலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஷட்டவுன் செய்த பிறகும் மதர்போர்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் ரேமைச் செருகினால் ரேமோ ஸ்லாட்டோ காலியாகலாம்.

நம் ஊரில் இதில் ஒரு விசேஷ ஆபத்து. 'கரண்ட் இல்லாத நேரம்தானே, இப்போது கழற்றிவிடலாம்' என்று ஆரம்பிப்பார்கள். மேஜைக்கு அடியில் யுபிஎஸ் உயிரோடு இருக்கும். வீட்டுக்கு இன்வெர்ட்டர் போட்டிருந்தால் பிளக் பாயிண்டிலும் கரண்ட் இருக்கும். அதனால் எது இருக்கிறது, எது இல்லை என்று யோசிக்காமல் கேபிளைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும், பச்சை விளக்கு அணைவது கண்ணுக்குத் தெரியும். கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேமின் தங்க நிறப் பற்களில் விரல் படாமல் இரு ஓரங்களை மட்டும் பிடியுங்கள்.

இரு முனைகளையும் சமமாக அழுத்த வேண்டும். இருபுறமும் 'டக்' என்ற சத்தத்தோடு கிளிப்புகள் தானாக எழுந்து பிடித்துக்கொள்ள வேண்டும். கிளிப்பை நீங்களே விரலால் தள்ளி மூட வேண்டியிருந்தால் ரேம் முழுதாக இறங்கவில்லை.

அழுத்தும்போது நடக்கும் ஒரு விபத்து பலருக்குத் தெரிவதில்லை. கோர் 2 டுவோ காலத்து பிராசசர் ஃபேன் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளால் போர்டில் குத்தப்பட்டிருக்கும். வயதான பிளாஸ்டிக். ரேமை அழுத்தும் வேகத்தில் போர்டு வளைந்து ஒரு ஊசி வெளியே எகிறிவிடும். ஃபேன் சுற்றும், ஆனால் ஹீட் சிங்க் பிராசசரைத் தொடாது. கம்ப்யூட்டர் ஐந்து நிமிடம் ஓடி அணைந்துவிடும். 'ரேம் போட்டதிலிருந்து அணைந்துபோகிறது' என்று புகார் வரும். ரேமை மாற்றி மாற்றிப் போட்டு என்ன பயன்? நான்கு ஊசிகளையும் தொட்டுப் பாருங்கள். அப்படியே ஹார்டு டிஸ்க் கேபிள், பிராசசர் அருகே வரும் நான்கு முனை பவர் கனெக்டர் இவையும் கை பட்டுத் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கொலுசு கறுக்கும் ஊரில் ரேம் மட்டும் எப்படி?

பழைய ரேம், பழைய ஸ்லாட் என்றால் அடுத்த சந்தேகம் காண்டாக்ட் மீது வர வேண்டும். ரேமைக் கழற்றித் திரும்ப மாட்டியதுமே ஓட ஆரம்பித்தால் இதுதான் காரணம். எங்கும் நடப்பதுதான். ஆனால் டேனரிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகிக்க வேண்டும்.

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாடை என்று நாம் மூக்கைப் பிடிப்பது இதற்குத்தான். இந்த வாயு வெள்ளியையும் செம்பையும் கறுப்பாக்கிவிடும். வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப்போவதாகப் பெண்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டது குறித்து 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன அளவுக்கு ஊரறிந்த விஷயம் தோல் கழிவு. கம்ப்யூட்டரின் பக்கம் மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேமின் பற்களில் தங்க முலாம் இருக்கிறதே என்று கேட்கலாம். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் முலாம் மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்டது. அந்தத் துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கப்பட்டு, கறை மேலே படரும். மலிவு ரேமில் முலாம் இன்னும் மெல்லியது. 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயத்துக்குத் தடை வந்த பிறகு, செம்புத் தடங்களின் மேல் வெள்ளிப் பூச்சு பூசிய போர்டுகளும் பெருகின. வெள்ளிக்கும் கந்தகத்துக்கும் உள்ள பொருத்தம்தான் நமக்குத் தெரியுமே.

பெரிய டேட்டா சென்டர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அறைக்குள் ஒரு செம்புத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் ஒரு மாதம் வைத்து எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளக்கிறார்கள். செம்பில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராம், வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ராம் தாண்டக் கூடாது என்பது கணக்கு. 300 ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. அத்தனை சிறிய அரிப்புக்கே அவர்கள் கவலைப்படுகிறார்கள். டேனரிச் சுவரை ஒட்டிய ஜன்னலோர டெஸ்க்டாப்பை யார் அளந்தார்கள்?

சரி, சுத்தம் செய்வது எப்படி? பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை நிற மெத்தென்ற ரப்பரால் பற்களை மேலிருந்து கீழாக மெதுவாகத் தேயுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். போர்டிலிருந்து தள்ளி வந்து தேயுங்கள், ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழுந்தால் அதுவே புது நோயாகும். பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர், எமரி தாள், பிளேடு எதுவும் வேண்டாம். முலாமே போய்விட்டால் அடுத்த மாதம் இன்னும் கறுக்கும். ஸ்லாட்டுக்குள் புளோயர் அல்லது சுத்தமான மென் பிரஷ். வாயால் ஊதாதீர்கள், எச்சிலும் உப்பும் ஈரமும் உள்ளே போகும்.

டெஸ்க்டாப்பை டேனரிப் பக்க ஜன்னலிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை. அதையும் செய்துவிடுங்கள்.

பீப் சத்தம் சொல்லும் செய்தி

பயாஸ் பேசும் மொழி பீப். அவார்டு பயாஸில் நீண்ட பீப் விட்டு விட்டுத் தொடர்ந்தால் ரேம் இல்லை அல்லது பிடிக்கவில்லை என்று அர்த்தம். ஏஎம்ஐ பயாஸிலும் இன்டெல் போர்டுகளிலும் மூன்று பீப் வந்தால் மெமரி பக்கம் பாருங்கள். சத்தமே வராவிட்டால்? பல கேபினெட்களில் ஸ்பீக்கரே வைப்பதில்லை. மதர்போர்டில் மாட்டும் சின்ன பஸ்ஸர் ஒன்று மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு ஒரு சோதனை. ரேம் எதுவுமே இல்லாமல் சுவிட்சைப் போடுங்கள். பீப் கத்தினால் போர்டும் பிராசசரும் உயிரோடு இருக்கின்றன. ரேம் இல்லாமலும் மௌனம் என்றால் கோளாறு வேறு எங்கோ. எஸ்எம்பிஎஸ், பிராசசர், போர்டு என்று தேட வேண்டும். ரேம் ஸ்லாட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2000களின் முற்பாதியில் வந்த போர்டுகளில் இது பரவலான நோய்.

பயாஸ் பழைய ரேமின் செட்டிங்குகளைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிப்பதும் உண்டு. கேபிளைப் பிடுங்கிவிட்டு, காசு போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். தேதியும் நேரமும் பழையபடி ஆகிவிடும், உடனே திருத்துங்கள். திருத்தாவிட்டால் இன்டர்நெட்டில் ஒவ்வொரு தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும். அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரில் இன்றைய வவுச்சர் 2009 ஜனவரியில் போய் உட்காரும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி மாறினால் பேட்டரி செத்துவிட்டது, புதியது வாங்குங்கள்.

போட்டது 4, காட்டுவது 3.25

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபி முகவரிக்கு மேல் பார்க்காது. அதிலும் ஒரு பகுதியை டிஸ்ப்ளே, மற்ற கார்டுகள் எடுத்துக்கொள்ளும். 64 பிட் விண்டோஸ் போட்டால் தீரும். 64 பிட் போட்டும் குறைகிறதா? பயாஸில் 'மெமரி ரீமேப்' என்ற வசதி இருந்தால் அதை எனேபிள் செய்யுங்கள். எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் மெமரி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேகம் கூடும் என்று யாரோ சொல்லி அதில் டிக் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். நூறு இருநூறு எம்பி குறைந்தால் கவலை வேண்டாம், ஆன்போர்டு டிஸ்ப்ளே தன் பங்கை எடுத்திருக்கிறது.

போர்டின் உச்ச வரம்பையும் பார்க்க வேண்டும். ஜி31 மொத்தம் 4 ஜிபிதான், ஆகவே இரண்டு 2 ஜிபி. 945ஜிசி போர்டுகள் பலவற்றில் 2 ஜிபியோடு சரி. ஜி41 8 ஜிபி, எச்61 16 ஜிபி. 865, 845 போன்ற பழைய டிடிஆர் போர்டுகளுக்குப் பணம் போட வேண்டாம் என்பதே என் கருத்து. நண்பர் வீட்டுப் பரணில் சும்மா கிடைத்தால் போடுங்கள். ஜி41, எச்61 வைத்திருப்பவர்கள் ரேமுக்குப் பிறகு கையில் காசிருந்தால் ஒரு சிறிய எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபியை 8 ஆக்குவதைவிட ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குவதில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் நீலத் திரை

கடைசி ரகம், ஆளைப் படுத்துவது இதுதான். பூட் ஆகிறது, முழு அளவும் காட்டுகிறது, ஆனால் திடீர் திடீரென்று நீலத் திரை. அல்லது சேமித்த ஃபைல் அடுத்த நாள் திறப்பதில்லை. ஸ்கிரீனே வராத கம்ப்யூட்டரைவிட இது ஆபத்து. கெட்ட ரேம் வழியாகப் போகும் கணக்கு கெட்டே ஹார்டு டிஸ்க்கில் பதியும். ஆகவே சந்தேகம் வந்ததும் புது ரேமைக் கழற்றிவிட்டு, பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். பிறகு சோதனை.

மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸ் தேவையில்லை. பழைய பிராசசரில் 4 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய ஒரு மணி நேரம் பிடிக்கலாம். குறைந்தது மூன்று சுற்று ஓட்டுங்கள். யுபிஎஸ் பேட்டரி தாங்காது என்றால் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள், பாதியில் நின்றால் முதலிலிருந்துதான். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அது பாஸ் அல்ல.

சிவப்பு வந்ததா? இப்போது ஒரு ரேமை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஓட்டுங்கள். அதே ரேமை இரண்டாவது ஸ்லாட்டில் ஓட்டுங்கள். பிறகு அடுத்த ரேம். பிழை ரேமோடு போனால் ரேம் கெட்டது. ஸ்லாட்டோடு நின்றால் ஸ்லாட்டைச் சுத்தம் செய்யுங்கள். தனித்தனியே இரண்டும் பாஸ், சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை என்றால் வேகப் பொருத்தம் சரியில்லை. 1333ம் 1600ம் கலந்தால் இரண்டும் 1333ல் ஓட வேண்டும். பயாஸில் ஆட்டோ என்று இருப்பதை 1333 அல்லது 1066 என்று கையால் குறைத்து மீண்டும் ஓட்டுங்கள்.

வேலூர், திருப்பத்தூர் வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி செகண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். சிப்பின் வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் கசிவு கூடும், 32 மில்லி செகண்டில் புதுப்பிக்க வேண்டும் என்பதே விதி. கேபினெட்டுக்குள் தூசி அடைத்து, பின்பக்க ஃபேன் நின்றுபோயிருந்தால், ஜனவரியில் பாஸ் ஆன ரேம் மே மாதம் மதியம் பிழை காட்டும். இரவு பாஸ், மதியம் ஃபெயில் என்றால் ரேமை மாற்றும் முன் தூசியைத் தட்டி, ஃபேனைச் சுற்ற வைத்துவிட்டு ஒருமுறை சோதியுங்கள்.

மூன்று சுற்றும் சுத்தமாக முடிந்தால் மூடியைப் போடலாம். கழற்றிய பழைய ரேமைத் தூக்கி எறியவோ உடனே விற்கவோ வேண்டாம். புதியது வந்த வெள்ளி நிறக் கவரிலேயே போட்டு, போர்டின் மாடல், ரேமின் லேபிளில் உள்ள எண்கள், போட்ட தேதி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கவரோடு சேர்த்து கேபினெட் மூடியின் வெளிப்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை கடைக்குத் தூக்கிப் போகும்போது அந்தக் கவரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.